காதால் தேறிய கண்

கண் நன்றாக இருக்கிறது என்று எழுதி முத்திரை குத்திய காகிதம் சட்டைப் பையில் இருக்கும்போது, கண் தெரியவில்லை என்று ஒரு மனிதர் யாரிடம் போய்ச் சொல்வது?

பருந்து இப்படிக் கேட்ட நாளில் எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளியில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் புத்தகத்தில் எங்கேயாவது விடை இருந்தது. இதற்கு இல்லை. அதனால் அவர் சொன்னதையும் அவர் வீட்டார் சொன்னதையும் சேர்த்து, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பருந்து என்பது பட்டப்பெயர், ஆள் டவர் கிரேன் ஓட்டுபவர். கட்டடம் எழும்பும் இடங்களில் வானத்தைத் தொடுவது போல ஒற்றைக் காலில் நிற்குமே, நீண்ட கையை நீட்டிக்கொண்டு, அந்தக் கிரேன். அதன் கழுத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும். காலை ஏழு மணிக்கு அதில் ஏறினால் மாலை ஆறு மணிக்குத்தான் இறங்குவார். சாப்பாட்டுப் பாத்திரமும் கூடவே ஏறும். அவசரத்துக்கு ஒரு காலி பாட்டிலும் ஏறும். காலடியிலும் கண்ணாடி, இரண்டு பாதங்களுக்கு நடுவே கீழே பார்த்தால் ஆட்கள் அரிசி மணி அளவுக்குத் தெரிவார்கள்.

முப்பத்தைந்து வயதுவரை அவருக்கு இந்தப் பெயர் இல்லை. அப்போது அவர் சோடாபுட்டி. மூக்கின் மேல் அத்தனை தடிமனான கண்ணாடி. சின்னக் கிரேன்களில் பதினான்கு வருடம் ஓட்டினார். இருபத்திரண்டு மாடிக் கட்டடத்துக்குப் பெரிய கிரேன் வந்தபோது, கண்ணாடி போட்டவர்களை அதில் ஏற்றமாட்டோம் என்று நிறுவனம் சொல்லிவிட்டது. வேர்வையில் கண்ணாடி வழுக்கி விழுந்தால், அந்த நொடியில் கொக்கியில் தொங்கும் இரண்டு டன்னுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கிரேனில் ஏறுவது அவருடைய பல நாள் ஆசை. எனவே லேசர் செய்துகொள்ளப் போனார்.

லேசருக்கு முன் ஒரு படிவம் கொடுத்தார்கள். பக்கம் பக்கமாகக் கேள்வி. அதில் ஒன்று: கண்ணைக் கசக்கும் பழக்கம் உண்டா? அவர் ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டார். பொய் சொல்ல நினைக்கவில்லை. பதினான்கு வருடம் சிமெண்ட் தூசியில் இருந்தவர்கள் யாரும் கண்ணைக் கசக்குவதைப் பழக்கம் என்று நினைப்பதில்லை. மூச்சு விடும் பழக்கம் உண்டா என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம், அது மாதிரி. கருவிழி கொஞ்சம் மெலிதுதான், ஆனால் எல்லைக்குள் இருக்கிறது என்று அங்கே சொன்னார்கள். எல்லைக்குள் என்ற சொல் மட்டும் அவர் காதில் விழுந்தது.

லேசர் முடிந்த மறுநாள் காலை கட்டிலில் படுத்தபடியே, கண்ணாடி இல்லாமல், மனைவியின் முகத்தை முதல்முறையாகத் தெளிவாகப் பார்த்தார். கழுத்தில் இருந்த மச்சம்கூடத் தெரிந்தது.

“இத்தனை வருஷமா பார்க்காமலா குடும்பம் நடத்துனீங்க?” என்றார் மனைவி. அவர் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர்.

“கண்ணாடியைக் கழட்டினா நீ ரொம்ப அழகாத் தெரிவே. இப்பத்தான் உண்மை தெரியுது.”

“இனிமே டீயை நீங்களே போட்டுக்குங்க. அதுதான் நல்லாத் தெரியுதே.”

புதுப் பெயரை வைத்தது மச்சான், அதாவது மனைவியின் தம்பி. அந்த வீட்டின் முன்னறையிலேயே தங்கியிருக்கும் கல்யாணமாகாத ஆள். அதே கட்டடத்தில் சிக்னல்மேன். கொக்கியில் வரும் சுமையை எங்கே இறக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று கிரேனுக்குச் சொல்வது அவன் வேலை. மேலே மாமா, கீழே மச்சான், நடுவில் வாக்கி-டாக்கி. நாள் முழுக்க அவர்கள் பேச்சு இப்படித்தான் போகும்:

“மாமா, பக்கெட் ரெடி. தூக்குங்க.”

“தூக்குறேன்.”

“மெதுவா. தூங்குற குழந்தையைத் தொட்டில்ல போடுற மாதிரி.”

“நீ எந்தக் குழந்தையைத் தொட்டில்ல போட்டே? முதல்ல ஒருத்தியைப் பாரு.”

“நான் பார்க்கிறேன் மாமா. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டேங்கிறாங்க. உங்க பருந்துக் கண்ணால அங்கிருந்து தேடுங்க.”

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஃபோர்மேன் முதல் வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவர் பருந்து.

பெரிய கிரேனில் ஏறிய இரண்டாவது வருடம் பாதியில், ஒருநாள் மாலை, காலடிக் கண்ணாடியில் ஏதோ பிசுக்கு இருப்பதாக அவருக்குத் தோன்றியது. கொக்கியின் கம்பிக்குக் கீழே இன்னொரு கம்பி மங்கலாகத் தெரிந்தது. துணியால் துடைத்தார். எச்சில் தொட்டுத் துடைத்தார். இறங்கும் நேரத்தில் மூன்றாவது முறையும் துடைத்துவிட்டு, இடது கண்ணை மூடினார். பிசுக்கு பெரிதானது. வலது கண்ணை மூடினார். கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

அன்றிலிருந்து தெருவிளக்குகளுக்கு வால் முளைத்தது. சாலையில் வரும் வண்டியின் இரண்டு விளக்குகள் நான்காயின. தூக்கம் போதவில்லை என்று நினைத்தார். வீட்டுக்குப் போய் கண்ணை நன்றாகக் கசக்கினார். கசக்கினால் ஒரு நிமிடம் சுகமாக இருக்கும்.

மருந்துக்கடைக்காரியின் புருஷன் மனைவிக்குத் தெரியாமல் சொட்டு மருந்து வாங்குவது என்றால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். நான்கு தெரு தாண்டி வேறு கடையில் வாங்கினார். குப்பியைக் கிரேன் கூண்டிலேயே இருக்கைக்கு அடியில் ஒளித்தார். சொட்டு மருந்து கண்ணை நனைத்தது, இரட்டையை ஒற்றையாக்கவில்லை.

ஒரு வார விடுமுறை நாளில், செல்போனைப் பழுது பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, ஊரின் மறுகோடியில் இருந்த கண் மருத்துவமனைக்குப் போனார். கருவிழிக்கென்றே இருக்கும் டாக்டர் ஒரு பெண்மணி. ஒரு கருவியில் அவர் தாடையை வைக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். திரையில் அவருடைய இரண்டு கருவிழிகளும் வண்ண வண்ணமாக, மேடு பள்ளம் காட்டும் வரைபடம் போல வந்தன. இடது கண்ணில் பச்சைக்குக் கீழே லேசான மஞ்சள். வலது கண்ணின் கீழ்ப் பாதியில் ரத்தச் சிவப்பாக ஒரு திட்டு.

“சைக்கிள் டயர்ல தேஞ்சுபோன இடத்துல டியூப் வீங்கி வெளியே தள்ளும், பார்த்திருக்கீங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

“பார்த்திருக்கேன்.”

“அதுதான் இது. லேசர் பண்ணும்போது கருவிழியை மெலிசாக்குவாங்க. சில பேருக்கு அந்த மெலிஞ்ச இடம் தாங்காது. உள்ளே இருக்கிற அழுத்தம் முன்னால தள்ளும். கண்ணைக் கசக்குவீங்களா?”

“இல்லீங்க,” என்றார் அவர். சொல்லும்போது அவருடைய வலது கை கண்ணில் இருந்தது. டாக்டர் அந்தக் கையைப் பார்த்தார். அவரும் பார்த்தார்.

“இதுக்கு ஒரு வைத்தியம் இருக்கு,” என்றார் டாக்டர். “வைட்டமின் சொட்டு விட்டு, ஒருவகை ஒளியைக் காட்டி, கருவிழியை இறுக வைப்போம். போன பார்வையை அது திருப்பித் தராது. இதுக்கு மேல போகாம நிறுத்தும். அதனால எவ்வளவு சீக்கிரம் பண்றோமோ அவ்வளவு மிச்சம். அப்படியே விட்டா மாத்துக் கருவிழி வைக்கிறவரைக்கும்கூடப் போகலாம். இந்த மாசமே வாங்க. ரெண்டு மூணு வாரம் லீவு சொல்லணும். என்ன வேலை பார்க்கிறீங்க?”

அவர் தொண்டையைச் செருமினார். “கடையில நிக்கிறேங்க.”

சீட்டை வாங்கி நான்காக மடித்துக்கொண்டு வந்தார். பேருந்தில் உட்கார்ந்து யோசித்தார். மூன்று வாரம் லீவு என்றால் மருத்துவச் சான்று வைக்க வேண்டும். சான்றில் கண் என்று இருக்கும். கண் என்று எழுதிய காகிதம் சேஃப்டி ஆபீசர் மேசைக்குப் போன அன்றே கிரேனுக்கு அடுத்த ஆள் ஏறிவிடுவான். கட்டடம் முடிய இன்னும் எட்டு மாதம். எட்டு மாதம் ஓட்டிவிட்டால், அப்புறம் நிம்மதியாகப் படுத்து வைத்தியம் செய்துகொள்ளலாம். இப்படித்தான் கணக்குப் போட்டார். கருவிழி அந்தக் கணக்கில் சேரவில்லை.

அடுத்த மாதங்களில் அவர் கற்றுக்கொண்ட தந்திரங்கள் பல. தூரத்தைப் பார்க்கும்போது வலது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வது. ஒற்றைக் கண்ணால் ஆழம் சரியாகப் பிடிபடாது என்பதால், தளத்துக்கு ஆறடி மேலேயே சுமையை நிறுத்தி மச்சானை வாய் திறக்க வைப்பது.

“மாமா, ஏன் நின்னுட்டீங்க?”

“காத்து.”

“இங்க ஒரு இலை ஆடலையே.”

“மேல காத்து வேற.”

“பெரியவங்க இருக்கிற இடத்துல காத்துகூட மரியாதையா வீசுது போல.”

சிரிப்பார். சிரித்துக்கொண்டே இடது கண்ணைத் துடைப்பார். அதற்கும் இப்போது களைப்பு. வீட்டில் டிவி ஓடும்போது செய்தி வரியை மனைவி வாசிக்கட்டும் என்று காத்திருப்பார். படிக்கட்டில் கடைசிப் படியைக் காலால் தேடுவார். ஆப்பை அசைத்த குரங்கு என்று சொல்வார்களே, வாலை மரப்பிளவில் விட்டுக்கொண்டு ஆப்பையும் தானே உருவிய குரங்கு, தானும் அதுதான் என்று அவருக்குத் தெரியும். ஆனால் கத்தினால் எல்லோரும் வந்துவிடுவார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிறுவனத்தில் கண் சோதனை. இங்கேதான் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். சைட் ஆபீஸ் என்பது ஒரு தகரக் கொட்டகை. அதன் கதவுக்குப் பின்னால் எழுத்து அட்டை தொங்கும். பல வருடமாக அதே அட்டை. சோதனை நாளில் கிரேன் ஓட்டுபவர்கள், லிஃப்ட் ஓட்டுபவர்கள், சாமான் தூக்கிச் செல்லும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவர்கள் எல்லோரும் அறைக்குள்ளேயே வரிசையாக நிற்பார்கள். முன்னால் நிற்பவர் வாசிப்பது பின்னால் நிற்பவருக்குக் காதில் விழும். ஏழாம் ஆளுக்கு வரும்போது அட்டை மனப்பாடம். யாரும் இதை ஏமாற்று என்று நினைத்ததில்லை. நல்ல கண் உள்ளவர்களும் அப்படித்தான் ஒப்பித்தார்கள். பள்ளியில் வாய்ப்பாடு சொல்வது போல ஒரு ராகம்கூட இருந்தது.

அந்த முறை, சோதிக்க வந்த கண் டெக்னீஷியன் குச்சியை வைப்பதற்குள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் அடுத்த வரியைச் சொல்லிவிட்டார்.

“நான் இன்னும் காட்டலையே,” என்றார் டெக்னீஷியன்.

“உங்களுக்கு எதுக்கு சிரமம்னுதான்,” என்றார் அவர். அறையே சிரித்தது. டெக்னீஷியனும் சிரித்தார். அவருக்கு அன்று இன்னும் மூன்று சைட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

பருந்து ஐந்தாவது ஆளாக நின்றார். இடது கண்ணை உள்ளங்கையால் மூடினார். எதிரே கதவு இருந்த இடத்தில் சாம்பல் நிறப் புகை. புகைக்குள் எறும்புகள். டி, எஃப், இசட், பி, எல் என்றார். நிறுத்தவே இல்லை. டெக்னீஷியன் எழுதினார்: இரண்டு கண்ணும் முழுப் பார்வை. முத்திரை குத்தினார். காகிதத்தை மடித்துப் பையில் வைக்கும்போது அவருக்கு ஜெயித்தது போலவும் இருந்தது, யாரோ வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டது போலவும் இருந்தது.

அதற்கு ஒன்பதாவது நாள். மாலை, வெளிச்சம் சாயும் நேரம். பதினெட்டாம் தளத்தில் காங்கிரீட் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நிறைந்த பக்கெட் கொக்கியில் வந்துகொண்டிருந்தது. மச்சானின் வாக்கி-டாக்கியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அது அடிக்கடி நடப்பதுதான். அப்போது கையால் காட்டுவான். கையை நேராக நீட்டி உள்ளங்கையைக் கீழ்ப்பக்கம் வைத்தால் நிறுத்து. விரலைக் கீழே காட்டிச் சுற்றினால் இறக்கு.

பருந்து பார்த்தார். அரை வெளிச்சத்தில் மச்சானின் கை தெரிந்தது. கைக்குக் கீழே அதே கையின் நிழல் ஒன்று, கீழ்நோக்கி வழிந்தது போல. வலது கண்ணை மூடினார். இடது கண்ணில் அன்று தூசி விழுந்து நீர் நின்றிருந்தது. இறக்கு என்கிறானா, நிறுத்து என்கிறானா? தெரியாவிட்டால் நிறுத்த வேண்டும் என்பது இந்த வேலையின் அரிச்சுவடி. ஆனால் ஐந்து மாதமாகக் காற்று காற்று என்று அவர் நிறுத்தியதற்கு ஃபோர்மேன் அன்று காலைதான் முகம் சுளித்திருந்தார். இறக்கினார்.

கையைக் காட்டிவிட்டு மச்சான் குனிந்து ஒரு கம்பியை ஒதுக்கிக்கொண்டிருந்தான். பக்கெட்டின் விளிம்பு அவன் ஹெல்மெட்டில் இடித்தது. பட்டை அறுந்து ஹெல்மெட் உருண்டு போய்த் தளத்தின் ஓரம் தாண்டிப் பாதுகாப்பு வலையில் விழுந்தது. அவன் கம்பிகள் மேல் விழுந்தான். காங்கிரீட் ஆட்கள் கத்தியது எண்பது மீட்டர் உயரக் கூண்டுக்குக் கேட்கவில்லை. இரண்டு உருவங்கள் இரண்டு உருவங்களைத் தூக்குவது மட்டும் தெரிந்தது.

உள்ளங்கை கிழிந்ததோடு போயிற்று. நான்கு விரல் தள்ளி நின்றிருந்தால் தலை.

மறுநாள் சைட் ஆபீஸில் விசாரணை. சேஃப்டி ஆபீசர் கோப்பைத் திறந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, கோப்பை நம்புகிறவர்.

“கிரேன் சரி. பிரேக் சரி. ஆபரேட்டர் கண்ணு போன வாரம் சோதிச்சிருக்கு, ரெண்டும் முழுப் பார்வை,” என்று வாசித்துவிட்டு மச்சானைப் பார்த்தார். “நீ என்னப்பா காட்டினே?”

“நிறுத்துன்னுதான் சார் காட்டினேன்.”

“அவருக்கு இறக்குன்னு தெரிஞ்சிருக்கே. பருந்து, என்ன தெரிஞ்சுது உங்களுக்கு?”

திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றார் பருந்து. பிறகு சொன்னார்: “இறக்குன்னு தெரிஞ்சுது சார்.” அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

மச்சான் தன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். “அப்போ நான்தான் மாத்திக் காட்டியிருப்பேன் சார். சாயங்காலம் களைப்பு. மாமாவுக்குத் தப்பாத் தெரியாது. அவரு பருந்து.”

சிக்னல் வேலையிலிருந்து அவனை எடுத்து வாசலில் லாரி நம்பர் குறிக்கும் வேலைக்குப் போட்டார்கள். கோப்பு மூடப்பட்டது.

வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு மூவரும் உட்கார்ந்தார்கள். மனைவி தம்பியை விடவில்லை.

“கையா அது, காத்தாடியா? உனக்கு ஒண்ணுன்னா இவரு ஆயுசுக்கும் கொலைகாரன்னு நினைச்சு வெந்து சாகணும். யோசிச்சியா?”

“அக்கா, தப்புதான். விடு.”

“எத்தனை தடவை சொன்னேன், வேலை நேரத்துல வாயடிக்காதேன்னு. நீங்களும் ஒரு வார்த்தை கேளுங்களேன் அவனை.”

பருந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பாவம், அடிபட்டவன். விடு,” என்றார். தன் குரலைக் கேட்க அவருக்கே அருவருப்பாக இருந்தது. இதைவிட நல்ல நேரம் சொல்வதற்கு வராது. வாய் திறந்தால் கிரேன் போகும். அது மட்டும் என்றால்கூடச் சொல்லியிருப்பார். ஐந்து மாதமாக இவன் தலைக்கு மேல் இரண்டு டன்னை அரைக் கண்ணால் ஆட்டியிருக்கிறேன் என்று, அந்தப் பையனின் அக்காவிடம், எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது? தண்ணீரைக் குடித்தார். எழுந்து கை கழுவினார்.

மறுநாள் காலை சைட் வாசலில் நுழைந்தபோது மச்சான் அவரைக் கவனிக்கவில்லை. வாசலோரம் நின்ற லாரியின் பக்கக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தான். கையை நீட்டினான். உள்ளங்கையைக் கீழே திருப்பினான். கண்ணாடியில் பார்த்தான். தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு விரலைக் கீழே காட்டிச் சுற்றினான். பார்த்தான். மறுபடியும் முதலிலிருந்து. ஆறு வருடம் அந்த வேலை பார்த்தவன், தன் கை தான் சொன்னதைத்தான் செய்கிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தான்.

பருந்து கிரேனில் ஏறினார். கூண்டில் உட்கார்ந்தார். வாக்கி-டாக்கியில் புது ஆளின் குரல் வந்தது.

“அண்ணே, பக்கெட் ரெடி. தூக்கலாம்.”

அவர் கை லீவரில் இருந்தது. தூக்கவில்லை.

“அண்ணே, கேக்குதா? தூக்குங்க.”

“கேக்குது,” என்றார். “நான் இறங்கி வரேன்.”

ஏணிப்படிகளை ஒவ்வொன்றாகக் காலால் தேடி இறங்கினார். சைட் ஆபீஸில் ஃபோர்மேனும் சேஃப்டி ஆபீசரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“என்ன பருந்து, வயித்துக் கோளாறா?” என்றார் ஃபோர்மேன்.

“வலது கண்ணு சரியில்ல சார். ரொம்ப நாளா.”

“என்னய்யா சொல்றே, இப்பத்தானே சோதிச்சோம்.”

“நீங்க சோதிச்சது என் காதை சார்.”

சேஃப்டி ஆபீசர் கோப்பையைக் கீழே வைத்தார். ஜன்னலுக்கு வெளியே நின்ற லாரியைக் காட்டி, “இடது கண்ணை மூடிட்டு அந்த நம்பரை வாசிங்க,” என்றார்.

“எந்த லாரி சார்? எனக்கு ரெண்டு தெரியுது.”

பருந்து நான்காக மடித்த மருத்துவமனைச் சீட்டை மேசைமேல் வைத்தார். அதன் தேதியைப் பார்த்ததும் சேஃப்டி ஆபீசருக்கு முகம் மாறியது. “அஞ்சு மாசமா?” என்று மட்டும் கேட்டார். பிறகு எழுந்து போய்க் கதவை மூடி, பின்னால் தொங்கிய அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். தன் காலத்தில் எத்தனை பேர் அதை ஒப்பித்தார்கள் என்று எண்ணியிருக்கலாம். அந்த வாரமே எல்லோரையும் வெளியே அனுப்பி, வேறு அட்டையில் சோதித்தார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவரும் தேறவில்லை. அவருக்குக் கண்ணாடி போட்டால் போதும் என்று ஆயிற்று.

பருந்து கிரேனிலிருந்து நீக்கப்பட்டார். மச்சானின் பெயரில் இருந்த குற்றம் கோப்பிலிருந்து எடுக்கப்பட்டது. ஆனால் அவன் மாமாவிடம் பதினெட்டு நாள் பேசவில்லை. அதன் பிறகு பேசியதும் ஒரே ஒரு வாக்கியம்தான்.

“பக்கெட் இடிச்சதுக்காக இல்ல மாமா. என் கையையே நான் நம்பாம இருந்தேனே, அதுக்காக.”

மனைவி கத்துவார் என்று எதிர்பார்த்தார். அவர் கத்தவில்லை. கூண்டிலிருந்து எடுத்துவந்த சொட்டு மருந்துக் குப்பிகளை மேசையில் வரிசையாக நிறுத்தி, “நாலு தெரு தாண்டிப் போய் வாங்கியிருக்கீங்க. அங்க எங்க கடையைவிட விலை ஜாஸ்தி,” என்றார். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

கருவிழி டாக்டர் மறுபடியும் படம் எடுத்தார். சிவப்புத் திட்டு பெரிதாகியிருந்தது. இடது கண்ணின் மஞ்சள் ஆரஞ்சாகியிருந்தது. “அப்பவே வந்திருந்தா,” என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் தேதி குறித்தார். “நீங்க கடையில நிக்கிறவர்தானே?” என்றார். இந்த முறை அவர் உண்மையைச் சொன்னார். டாக்டர் கடை என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, கிரேன் என்று எழுதினார்.

சிகிச்சை நாளில் அவரை மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். மரத்துப்போக மருந்து விட்டார்கள். இமை மூடாதபடி ஒரு கம்பியால் விரித்து வைத்தார்கள். கருவிழியின் மேல்தோலை மெல்லச் சுரண்டி எடுத்தார்கள். பிறகு மஞ்சள் மருந்தைச் சொட்டுச் சொட்டாக, அரை மணி நேரம். பிறகு நீல ஒளி, அதுவும் அரை மணி நேரம். ஒளியையே பார்க்க வேண்டும். அசையக் கூடாது. இமைக்க முடியாது. வலி இல்லை, ஆனால் கண்ணை மூட முடியாமல் படுத்திருப்பது என்னவென்று அன்றுதான் தெரிந்தது என்றார் அவர். பதினொரு மணி நேரக் கூண்டு பழகிய மனிதருக்கு அந்த ஒரு மணி நேரம் நீளமாக இருந்தது. பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவும் முடியாது. நீல வட்டத்தைச் சுற்றி, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் ஒரு ஆள் தெரிந்துகொண்டே இருந்தான்.

கண்மேல் கட்டு போல ஒரு மெல்லிய லென்ஸை வைத்து அனுப்பினார்கள். மரமரப்பு தெளிந்ததும் கண்ணுக்குள் மணலும் மிளகாயும் போட்டது போல மூன்று நாள். திரைச்சீலை மூடிய அறையில் கிடந்தார். மனைவி வேலைக்குப் போகும் நேரத்தில் சொட்டு மருந்து விட்டது மச்சான்தான். பேசாமல் வருவான், விடுவான், போவான். சில மாதம் கழித்து இடது கண்ணுக்கும் அதே.

வலது கண்ணில் நோய் நின்றுவிட்டது. போன பார்வை போனதுதான். வெண்விழிமேல் உட்காரும் பெரிய கடினமான லென்ஸ் ஒன்றைப் போட்டால் எழுத்து அட்டையில் ஐந்து வரி வாசிக்கிறார்; கழற்றினால் இரண்டு. காலையில் அதை மருந்துநீர் நிரப்பி, குமிழி இல்லாமல் கண்ணில் வைக்கப் பத்து நிமிடம் பிடிக்கும். மனைவி கண்ணாடி பிடிப்பார். இடது கண் பெரும்பாலும் தப்பியது. கிரேன் உரிமம் திரும்பி வரவில்லை, வராது.

இப்போது அதே நிறுவனத்தின் அடுத்த கட்டடத்தில், சாமான் அறையில் இருக்கிறார். கொக்கி, சங்கிலி, கம்பிக்கயிறு எடுத்துக்கொடுக்கும் வேலை. தகரச் சுவர், ஒரே ஜன்னல், அதில் கம்பி. அதன் வழியே பார்த்தால் கிரேன் தெரியும். மச்சான் மறுபடியும் சிக்னல்மேன் ஆகிவிட்டான். காலையில் வாக்கி-டாக்கி வாங்க வரும்போது இரண்டு வார்த்தை பேசுகிறான். பழைய கேலி இன்னும் வரவில்லை. பருந்து என்று யாரும் இப்போது கூப்பிடுவதில்லை, வேறு பெயரும் வைக்கவில்லை. “சாமான் அறை அண்ணே” என்கிறார்கள். தூசி பறக்கும்போது அவர் கை தானாகக் கண்ணுக்குப் போகும். பாதி வழியில் நிறுத்தி, அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வார். நான் அவரைப் பார்க்கும்போதெல்லாம் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இதைப் படித்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். லேசர் செய்துகொள்ளப் போகிறவர்கள் உங்கள் வீட்டில் இருக்கலாம். செய்து முடித்துவிட்டு விளக்கில் வால் தெரிகிறது என்று யாரிடமும் சொல்லாமல் இருப்பவர்கள் பக்கத்து வீட்டில் இருக்கலாம். வரிசையில் நின்று எழுத்தைக் காதால் வாசிக்கிறவர்கள் உங்கள் வேலையிடத்திலேயே இருக்கலாம். கண்ணைக் கசக்குவீர்களா என்று கேட்டால் யோசித்துப் பதில் சொல்லச் சொல்லுங்கள். கருவிழியின் தடிமனையும் வடிவத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் அன்றைக்கே போகச் சொல்லுங்கள். அறிவுரையாகச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். அவர் கதையாகவே சொல்லுங்கள். அவர் சம்மதித்துத்தான் இதை எழுதினேன். உங்களால் முடிந்த நாலு பேருக்கு இதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.